ஆள் இருக்கிற வீடுகள்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, துணைநகரத்துக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால் கண்டக்டர் முழிப்பார். ‘காலி வூடு ஸ்டாப்பிங்’ என்றால்தான் டிக்கெட் கிழிப்பார். பட்டணத்தில் ஜனம் பெருத்துப் போச்சு, சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தாக வேண்டும் என்று மேலே யாரோ கணக்குப் போட்டு, ஏரிக்கு மேற்கே வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த செம்மண் காட்டை வளைத்துத் தெருத்தெருவாக வீடு கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரே அச்சு. ஒரு கூடம், ஒரு அறை, நின்று சமைக்க ஒரு மேடை. தெருமுனைகளில் தகரப் பலகைகள் நட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கான இடம், அங்காடிக்கான இடம், ஆஸ்பத்திரிக்கான இடம். பலகையைச் சுற்றி முள் மண்டிக் கிடந்தது. முன்வரிசை வீடுகளைக் குலுக்கல் போட்டு விற்றார்கள். வாங்கினவர்கள் பூட்டைப் போட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று பட்டணத்திலேயே இருந்துவிட்டார்கள். பின்வரிசைகளை வாங்க ஆளே வரவில்லை.

அங்கே முதலில் குடிவந்தவள் ரங்கநாயகி. ரொம்ப காலத்துக்கு வேறு யாரும் வரவுமில்லை.

அவள் புருஷன் உப்பிலி மாமல்லபுரத்தில் பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தார். குடியிருந்ததும் கோவில் வீடுதான். தொண்ணூற்றெட்டில் ஒரு தை மாதத்து விடிகாலை, குளித்துவிட்டு வந்து நெற்றிக்கு இட்டுக்கொள்ள உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தளிகைக்கு வேறு ஆள் வந்தார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, அவரும் எங்கேயாவது இருக்க வேண்டும் இல்லையா. ரங்கநாயகி யாரும் வந்து கேட்கிறவரை காத்திருக்கவில்லை. உப்பிலி எப்போதோ அவளிடம் சொல்லாமல் குலுக்கலில் பேர் கொடுத்திருந்தார். அது விழுந்திருந்தது. ஒரு மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். திருக்கழுக்குன்றத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்ததால் வேலைக்குப் போகவும் அது தோதாகத்தான் இருந்தது. மகன் ஜெயகிருஷ்ணன் அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். படித்து முடித்ததும் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

முதலில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயம் கொஞ்ச நாளில் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் காலை பஸ் ஏறுகிறவரை பேச ஆள் கிடையாது. ஆனி ஆடியில் மேல்காற்று அடித்தால் பூட்டிய வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் ஒன்றுமாற்றி ஒன்று தட்டிக்கொண்டிருக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும்போது உப்புப் பிசுபிசுப்போடு அடங்கும். எதிர்வீட்டு வாசலில் பக்கத்து ஊர் மாடுகள் படுத்து அசைபோடும். அதுகளோடு பேசுவாள். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன் ஒற்றை வீட்டுக்காக எப்படிப் போடுவது என்று அலுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தரம் வருவான். இருக்கிற டிரம், குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்வாள். அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க காபி போட்டுக் கொடுப்பாள். அவனோ நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவான்.

துக்க வருஷம் கழிந்து வந்த நவராத்திரிக்குப் படிகட்டிக் கொலு வைத்தாள். கொத்துக்கடலைச் சுண்டல் பண்ணி வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலா உட்கார்ந்திருந்தாள்? தெரியும். இருந்தாலும் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்தச் சுண்டலை மாடுகளுக்கு வைத்தாள். அதற்கப்புறம் பொம்மைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவில்லை.

கடல் பொங்கி வந்து கரையோரத்துக் குப்பங்களை வாரிப்போட்ட வருஷம், இந்த வீடுகளை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. குப்பத்தார் நாலு பேர் வந்து பார்த்தார்கள். கடலை விட்டு இத்தனை தூரம் உள்ளே வந்து உட்கார்ந்தால் காலையில் காற்றும் நீரோட்டமும் எப்படிப் பார்ப்பது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ரங்கநாயகி அன்றைக்கு அவர்களுக்காக ஒரு பானை மோர் கரைத்து வைத்திருந்தாள்.

அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டராமன் காரில் வந்து இறங்கினார். பாங்கில் பெரிய உத்தியோகம். முன்வரிசையில் மூலை வீடு அவருடையது. வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம் என்று பட்டணத்தில் ஒன்று வைத்திருந்தார்கள், அதற்கு அவர்தான் செயலாளர். ஒரு கூடை ஆப்பிளை மேடையில் வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பட்டணத்தில் கால்வாய் ஓரத்துக் குடிசைகளை அகற்றப்போகிறார்களாம். அந்த ஜனங்களை இங்கே பின்வரிசை வீடுகளில் கொண்டுவந்து வைக்கத் திட்டமாம். செங்கல்பட்டில் கருத்துக் கேட்கிறார்கள். எங்களுக்கெல்லாம் இங்கே வீடு இருக்கிறது, ஆனால் நாங்கள் இங்கே குடியில்லை, அதைச் சொல்லி ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார்கள். இருக்கிற ஒருத்தி சொன்னால் எடுபடும்.

“நீங்க ஒண்ணும் பெருசாப் பேச வேண்டாம் மாமி. தனியா இருக்கிற பொம்மனாட்டி, பயமா இருக்குன்னு சொன்னாப் போறும்” என்றார்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எட்டு வருஷத்தில் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை நேரம் பேசின முதல் மனிதர் அவர்தான். பேச்சு முடிந்துவிடக் கூடாதே என்று இன்னொரு தம்ளர் காபி கொடுத்தாள்.

கூட்டத்துக்கு அவரே காரில் அழைத்துப் போனார். வழியில் ஓட்டலில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தார். செங்கல்பட்டில் அந்தக் கூடம் நிறைய சங்கத்துக்காரர்கள். மேடையில் ஒரு அதிகாரி படத்தை விரித்து மாட்டி, பட்டணத்துக்கு இத்தனை வீடு தேவை, அதைச் சுற்றிலும் பிரித்துக் கொடுத்தால் இந்த வட்டாரத்துப் பங்கு இவ்வளவு என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சிவப்பாகத் தீட்டியிருந்த ஒரு சதுரம்தான் தன் ஊர் என்று ரங்கநாயகிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொருவராக எழுந்து, திருட்டு வரும், சண்டை வரும், வீட்டு மதிப்பு போகும் என்றார்கள். அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரல்தான் வந்தது.

“நான் எட்டு வருஷமா அங்கதான் இருக்கேன். எதிராத்துக் கதவு தெறந்து நான் பார்த்ததில்ல. இவாள்ளாம் யாருன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். யாராவது வரட்டும். வந்து இருக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. வெளியே வந்து பார்த்தபோது கோதண்டராமனின் கார் இல்லை. இரண்டு பஸ் மாறி, அந்தி சாய்கிற நேரத்துக்கு வந்து இறங்கினாள். சேதி புனே வரைக்கும் போயிருந்தது. ஜெயகிருஷ்ணன் போனில், அந்த வீட்டை விற்றுவிட்டு நீ என்னோடு வருவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இனிமேல் அதை யார் வாங்குவான் என்று கோபித்துக்கொண்டான். வா என்று அவன் இதற்குமுன் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அதை அவளும் எடுத்துச் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் லாரிகள் வந்தன. குடிசை பிரித்த கூரை ஓலை, கட்டில், கேஸ் அடுப்பு, நனைந்த பாய், பிளாஸ்டிக் தாள் சுற்றின டிவிப் பெட்டி, கூண்டில் கோழிகள் என்று எல்லாவற்றையும் சேற்றில் இறக்கிவிட்டுப் போனார்கள். ரங்கநாயகி பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கலந்து, குடையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள். முதல் வீட்டு வாசலில் முட்டி வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி பிளாஸ்டிக் முறத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். பேர் பிரபா. சாதத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

“நீதான் எங்கள இங்க இட்டாரச் சொன்னியாமே மாமி. ஆபீஸருங்க பேசிகினு இருந்தாங்க.”

“ஆமாம். சொன்னேன்.”

“இன்னாத்துக்கு?”

ரங்கநாயகி குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “யாருமே இல்லாம இருந்தது” என்றாள்.

பிரபா முறத்தைக் கீழே வைத்தாள். “அதுக்கு? ஒனக்குத் தொணைக்கா எங்கள வாரிகினு வந்தாங்க?”

அந்தக் கேள்வியை ரங்கநாயகி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அண்டாவைப் பிரபா வாங்கிக்கொண்டாள், பிள்ளைகள் பசியாக இருந்தன.

மறுநாள் அண்டாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தாள் பிரபா. வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றாள் ரங்கநாயகி. அன்றைக்குத் தெரிந்த விஷயம் இது. பிரபா பட்டணத்தில் ஒரு அடுக்குமாடியில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குடிசையிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுத்த வீட்டில் வாசல் தெளித்துவிட்டு வருவாளாம். அவள் புருஷன் ரஞ்சித்குமாருக்கு மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிற வேலை. லாரி வருவது விடியலுக்கு முன்னால். இங்கிருந்து முதல் பஸ் பிடித்துப் போனால் மூட்டை எல்லாம் இறங்கி, கூலி வாங்கினவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அவன் மார்க்கெட்டிலேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். வாரக் கடைசியில் அழுகாத வெங்காயமாகப் பொறுக்கி ஒரு பையில் எடுத்துக்கொண்டு வருவான். ரங்கநாயகிக்கும் ஒரு பங்கு வரும். மார்கழியில் வெங்காயம் சாப்பிடுவதில்லை என்று அவளும் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள்.

எப்படியானாலும் பின்வரிசையில் புகை எழுந்தது. யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. குழாயடியில் சண்டை வந்தது. மோட்டார்காரன் தினமும் வர ஆரம்பித்தான். ஒருநாள் சாயங்காலம் பிரபா கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்தாள். காற்று அதை நேரே ரங்கநாயகி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டது. பிறந்ததிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழையாத வாசனை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். திரும்ப எழுந்துபோய்த் திறந்துவிட்டாள்.

“நாத்தம் அடிக்குதா மாமி?” என்று பிரபா மறுநாள் கேட்டாள்.

“அடிக்கறது. நீ பண்ணு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரபா அவளிடம் முதலில் சிரித்தது அப்போதுதான்.

அடுத்து வந்த புரட்டாசியில் பொம்மைப் பெட்டி பரணிலிருந்து இறங்கியது. பிரபாவும் பின்வரிசைப் பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில் கால்வைக்க இடமில்லாமல் உட்கார்ந்து, சினிமாப் பாட்டாகப் பாடினார்கள். சுண்டல் பாத்திரத்தை வழித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் சோற்றுக்கு வழி பிறக்கவில்லை. அடுக்குமாடி வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பஸ் தாமதம் என்றால் அங்கே யார் கேட்கிறார்கள், வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். பிரபா மாமல்லபுரத்துக் கல் பட்டறையில் சிலைகளைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து வழுவழுப்பாக்குகிற வேலைக்குப் போனாள். நாள் முழுக்க ஈரத்தில் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி தோல் போய்விட்டது. ராத்திரி சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். அடுத்து பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சமைக்கிற மெஸ்ஸில் காய் நறுக்கப் போனாள். மூட்டை மூட்டையாகக் கோஸ் நறுக்குவாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பரீட்சை லீவில் மெஸ்ஸை மூடினார்கள், வேலையும் போயிற்று. ரங்கநாயகி தனக்குத் தெரிந்த டீச்சர்கள் வீட்டிலெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டில் மட்டும் வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்கள்.

கோடை தொடங்கியதும் ஜனங்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கிழவனும் மகளும். அப்புறம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன் குடும்பம். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. காலையில் பார்த்தால் கதவில் பூட்டு தொங்கும். பழைய கால்வாய்க்குப் பக்கத்திலேயே பாலத்தடியில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்களாம் என்று சேதி வரும். திட்ட அலுவலகத்திலிருந்து வந்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். பூட்டியிருக்கிற வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம், அந்தக் குடும்பத்துக்கு இனி எங்கேயும் வீடு கிடையாதாம்.

பிரபா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். வழக்கமாகச் சமையல்கட்டு வரை வந்து பேசுகிறவள், அன்றைக்குக் கூடத்திலேயே சுவரோரமாக உட்கார்ந்தாள். வெயில் வெளியே வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ரங்கநாயகி மோர் கொடுத்தாள். குடிக்காமல் தம்ளரைக் கையில் வைத்திருந்தாள்.

“நாங்களும் பூடறோம் மாமி. அந்த அடுக்குமாடில கீழ்வீட்டம்மா கூப்டுகினே கீது. ரஞ்சித்து வாடகைக்கு ஒரு ரூம் பாத்து வச்சிகிறாரு. கால நீட்டுனா செவுரு இடிக்கும். இன்னா பண்றது, வேல அங்கதான கீது.”

ரங்கநாயகி விசிறியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

“வூட்ட எடுத்துக்குவேன்றான் மாமி. எங்க ஆயா காலத்துலேர்ந்து எங்க பேருல ஒரு செவுரு இருந்ததில்ல. இது ஒண்ணுதான். புள்ளைங்க நாளைக்கி இன்னா கேட்டா இன்னா காட்டுவேன்.” முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்து மோர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். “அந்தி ஆனா ஒரு லைட்டப் போட்டு வுடு. ஆளு கீதுன்னு நெனச்சிப்பான்.”

போகாதே என்று சொல்ல ரங்கநாயகிக்கு வாய்வரை வந்தது. முதல் நாள் சேற்றில் நின்றுகொண்டு பிரபா கேட்ட கேள்வி அதற்குள் வந்து நின்றுகொண்டது. சாவியை எடுத்துக்கொண்டாள்.

பிரபா எழுந்திருக்கும்போது, “நீ சொல்லலன்னாலும் எங்கியாவது கொண்டாந்து கொட்டியிருப்பாங்க மாமி. ஒன்னிய சொல்லி இன்னா கீது” என்றாள். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

பிரபாவைப் பார்த்து மற்றவர்களும், முன்னால் போனவர்கள்கூடத் திரும்பி வந்து, சாவியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆடிக்குள் பின்வரிசையில் ஒரு குடும்பமும் மிச்சமில்லை. சாவிக்கொத்து இடுப்பில் செருக முடியாதபடி கனத்துவிட்டது. ரங்கநாயகிக்கு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டுக் கிளம்புவாள். ஒவ்வொரு வீடாகத் திறந்து, ஒரு விளக்கைப் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பாள். பூரான் இருந்தால் அடிப்பாள். வாரத்துக்கு ஒருநாள் பெருக்குவாள். விடியலில் வாசல்களில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு இழை கோலம். முழுக்கோலம் போட முதுகு இடம் கொடுக்கவில்லை. கொடிகளில் தன் பழைய புடவைகளைக் காயப்போட்டாள். ஒரு வீட்டில் அவளுடைய பச்சைப் புடவை, அடுத்த வீட்டில் உப்பிலியின் வேஷ்டி. பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குடித்தனம் நடக்கிற தெரு மாதிரிதான் இருக்கும்.

பிரபா எப்போதாவது போன் பண்ணுவாள். அடுக்குமாடியிலிருந்து, அந்தம்மா தூங்குகிற நேரத்தில் குசுகுசுவென்று பேசுவாள். பிள்ளைகள் நன்றாக இருக்கின்றன, வூடு எப்படி கீது மாமி என்பாள். கூடத்துச் சுவரில் ஈரம் கசிந்தது, இப்போது காய்ந்துவிட்டது என்று இவள் சொல்லுவாள். ஒருதரம்கூடப் பிரபா வரவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும் என்பது ரங்கநாயகிக்கும் தெரியும். அதனால் எப்போது வருகிறாய் என்று கேட்கமாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், மார்கழிப் பனி இறங்குகிற ஒரு சாயங்காலம் ஜீப் வந்தது. திட்ட அலுவலகத்திலிருந்து சுப்புராமன் என்கிற அதிகாரி. ரிட்டையர் ஆகிற வயது, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர். ஆள் இருக்கிற வீடு எது, பூட்டின வீடு எது என்று எண்ணிக்கொண்டு போக வந்திருந்தார். ரங்கநாயகி அப்போது பிரபாவின் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவர் வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார்.

“இந்த வீட்ல எத்தனை பேரும்மா?”

“நாலு பேர். புருஷன் பொண்டாட்டி, ரெண்டு கொழந்தைகள்.”

“எங்க அவங்க?”

“வேலைக்குப் போயிருக்கா. வர நாழியாகும்.”

அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் விளக்கு எரிந்தது. அங்கே அஞ்சு பேர், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். அதற்கடுத்த வீட்டில் மூன்று பேர். கிழவனை மகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ரங்கநாயகிக்குப் பொய் சொல்கிற மாதிரியே இல்லை. அவர்கள் முகமெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. நாலைந்து வீடு ஆனதும் சுப்புராமன் நின்றார். அடுப்பே இல்லாத சமையல் மேடையைப் பார்த்தார். கொடியில் காய்ந்த வேஷ்டியைப் பார்த்தார். அப்புறம் அவள் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

“மிச்சத்த நீங்களே சொல்லிடுங்கம்மா. இருட்டிக்கிட்டு வருது” என்றார்.

நடுத்தெருவில் நின்றுகொண்டே வீட்டு வாரியாகச் சொன்னாள். அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

“ஆள் இருக்குன்னு எழுதினாத்தான் எங்களுக்கும் நல்லதும்மா. இந்த வட்டாரத்துப் பங்கு நெறைஞ்சுதுன்னு மேல போயிடும். ஏரிக்கு அந்தாண்ட இன்னும் கட்டப் போறாங்க, தெரியுமோ?”

அவள் தெரியாது என்று தலையாட்டினாள்.

ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். இத்தனை நேரம் அதிகாரியாக இருந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தனியா இருக்கீங்களே, பயமா இல்லயா?”

“தனியா எங்க இருக்கேன்? இத்தனை பேர் இருக்கான்னு நீங்கதானே இப்ப எழுதிண்டேள்.”

சுப்புராமன் அவளைப் பார்த்தார். மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு ஏறினார். ஜீப் மெயின் ரோட்டில் திரும்பிச் சத்தம் அடங்குகிறவரை அவள் தெருவிலேயே நின்றாள். கரண்டு பில் எல்லா வீட்டுக்கும் அவள்தான் கட்டுகிறாள், அதனால் ஏழரை மணிச் செய்திக்குள் விளக்குகளை அணைத்துவிடுவது வழக்கம். அன்றைக்குச் செய்தி போய், அதற்கப்புறம் வந்த பாட்டும் போயிற்று. அவள் அணைக்கப் போகவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வரிசையாக எரிகிற ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு, தட்டில் போட்டு வைத்திருந்த தயிர்சாதத்தை மெதுவாகச் சாப்பிட்டாள்.